பதற்றக் கோளாறு: மூளையில் நடப்பதைத் தெரிந்துகொண்டு சிகிச்சை எடுப்பது எப்படி

ஒருவர் லிஃப்டுக்குள் போகிறார். கதவு மூடுகிறது. மூன்றாம் மாடியைத் தாண்டுவதற்குள் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, மூச்சே போதாது என்று தோன்றுகிறது. நான்காம் மாடியிலேயே இறங்கிவிடுகிறார். இறங்கியதும் அப்பாடா என்றிருக்கிறது. அடுத்த நாளிலிருந்து படிக்கட்டுதான்.

நோய் வளர்வது அந்த 'அப்பாடா'வில்தான். லிஃப்டிலேயே நின்றிருந்தாலும் படபடப்பு அடங்கியிருக்கும். ஆனால் மூளை எழுதிக்கொண்ட கணக்கு வேறு: இறங்கியதால்தான் தப்பித்தோம். அடுத்த முறை லிஃப்டைப் பார்த்தாலே எச்சரிக்கை மணி இன்னும் உரக்க அடிக்கும். மாத்திரையோ பயிற்சியோ, பதற்றத்துக்கு எடுக்கும் எந்தச் சிகிச்சையும் கடைசியில் இந்தத் தப்புக்கணக்கைத் திருத்தத்தான் உதவ வேண்டும். எந்தப் படி எதற்காக என்று புரிந்து செய்பவர்கள் பாதியில் விடுவது குறைவு. அதனால் முதலில் மூளை.

எச்சரிக்கை மணி எங்கே இருக்கிறது

இரண்டு பொட்டுகளுக்கும் உள்ளே, ஆழத்தில், பாதாம் பருப்பு வடிவில் பக்கத்துக்கு ஒன்றாக அமிக்டலா இருக்கிறது. கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்கே பாதாம் என்றுதான் பொருள். அதன் பக்கவாட்டுப் பகுதி செய்தியை வாங்குகிறது, மையப் பகுதி உத்தரவை அனுப்புகிறது. அந்த உத்தரவு எங்கெல்லாம் போகிறது என்று பார்த்தால் அறிகுறிகள் ஒவ்வொன்றும் விளங்கிவிடும். ஹைப்போதலாமஸுக்குப் போவது இதயத்தை விரட்டுகிறது, வியர்க்க வைக்கிறது. மூளைத்தண்டில் உள்ள மூச்சு மையங்களுக்குப் போவது மூச்சை வேகப்படுத்துகிறது. நடுமூளைக்குப் போவது ஆளை அப்படியே உறைய வைக்கிறது. லோகஸ் செருலியஸ் என்ற சிறிய நரம்பணுக் கூட்டத்துக்குப் போவது மூளை முழுக்க நோர்அட்ரினலின் என்ற விழிப்பூட்டும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்து, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடும் விழிப்பைத் தருகிறது.

அமிக்டலாவுக்குச் செய்தி இரண்டு வழிகளில் வருகிறது என்று எலிகளை வைத்து நரம்பியல் ஆய்வாளர் ஜோசப் லெடூ காட்டினார். புலன் செய்திகளை வாங்கிப் பிரித்தனுப்பும் தலாமஸிலிருந்து நேராக வரும் குறுக்குவழி வேகமானது, ஆனால் விவரம் குறைவு. மூளைப் புறணி வழியாகச் சுற்றி வருவது தாமதமானது, ஆனால் விவரமானது. "ஆபத்து இல்லைன்னு எனக்கே தெரியுது, உடம்புதான் கேக்கமாட்டேங்குது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. புத்தி பேசத் தொடங்கும் முன்பே மணி அடித்துவிடுகிறது. இதனால்தான் 'தைரியமா இரு' என்ற அறிவுரை வேலை செய்வதில்லை.

அமிக்டலாவோடு இன்னும் சில உறுப்புகள் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. ஹிப்போகேம்பஸ் இடத்தையும் சூழலையும் நினைவில் வைத்திருக்கிறது. எந்த லிஃப்ட், எந்தக் கட்டடம் என்பது அதன் இலாகா. இன்சுலா உடலுக்குள்ளிருந்து வரும் செய்திகளை, அதாவது இதயத்துடிப்பு, வயிற்றுப் பிரட்டல், மூச்சுத் திணறல் ஆகியவற்றை உணர்கிறது. நெற்றிக்குப் பின்னால், அடிப்பக்கத்தில் நடுவாக இருக்கும் முன்மூளைப் புறணிப் பகுதிதான் பிரேக். அது அமிக்டலாவிடம் 'போதும், அடங்கு' என்று சொல்கிறது. 'என்ன ஆகுமோ' என்று நாள் முழுக்க நீளும் கவலையில் அமிக்டலாவை ஒட்டி நீளும் 'ஸ்ட்ரியா டெர்மினாலிஸின் நரம்பணுக் கரு' என்ற பகுதிக்கும் பங்கு உண்டு.

பயமெல்லாம் அமிக்டலாவில்தான் இருக்கிறது என்று பலரும் எழுதுவதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அரிய மரபுநோயால் இரண்டு அமிக்டலாக்களும் அழிந்துபோன ஒரு பெண்ணை மருத்துவ ஏடுகள் எஸ்.எம். என்று குறிப்பிடுகின்றன. பாம்பைக் கண்டாலும் அவருக்குப் பயம் வராது. ஆனால் 2013இல் வெளியான ஆய்வில் 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை இழுத்ததும் அவருக்குக் கடுமையான பீதி வந்தது. அதே பாதிப்புள்ள இரட்டைச் சகோதரிகளுக்கும் அப்படியே. உடலுக்குள்ளிருந்து கிளம்பும் பயத்துக்கு அமிக்டலாவைத் தொடாத வேறு வழியும் இருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. பீதிக் கோளாறு, அதாவது திடீர்ப் பீதித் தாக்குதல்கள் திரும்பத் திரும்ப வரும் கோளாறு உள்ளவர்கள் இடங்களைப் பழகினால் மட்டும் போதாது, தங்கள் உடல் உணர்ச்சிகளையும் பழக வேண்டும் என்பதற்கு இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பீதித் தாக்குதலின் உள்ளே

முதல் சில நொடிகளில், உடலை அவசரத்துக்குத் தயார்படுத்தும் பரிவு நரம்புகள் இதயத்தை விரட்டுகின்றன. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. ரத்தத்தில் அட்ரினலின் நிற்பது கொஞ்ச நேரமே. இரண்டு மூன்று நிமிடங்களில் பாதியாகிவிடும். அதனால் புதிதாக எண்ணெய் ஊற்றாவிட்டால் தீ அணையத்தான் வேண்டும். தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்குகிறது. கார்ட்டிசால் மெதுவாக வரும் ஹார்மோன், இருபது முப்பது நிமிடம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும்.

எண்ணெய் ஊற்றுவது எது? மூச்சும் எண்ணமும். வேகமாக மூச்சு வாங்கும்போது கார்பன் டை ஆக்சைடு தேவைக்கு மேல் வெளியேறுகிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சற்றே சுருங்கி, தலை கிறுகிறுக்கிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடி, தனித்து உலவும் கால்சியம் குறைகிறது. விரல் நுனியும் உதடும் மரத்துப்போவது இதனால்தான். 'ஐயோ, ஹார்ட் அட்டாக்' என்ற எண்ணம் வந்ததும் அடுத்த சுற்று அட்ரினலின் இறங்குகிறது. உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் விளக்கிய பீதிச் சுழல் இதுதான்: உடல் உணர்ச்சி, அதற்கு விபரீதமான பொருள், அதனால் கூடும் உடல் உணர்ச்சி.

மயங்கி விழுந்துவிடுவோம் என்பதுதான் பலருக்கும் பெரிய பயம். மயக்கம் வர ரத்த அழுத்தம் சரிய வேண்டும். பீதியில் அது பொதுவாக ஏறுகிறது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, பின்னால் வருகிறது.

தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

முதல் முறையாக நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் பீதி என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பதற்றம் போலவே வேடம் போடும் நோய்கள் உண்டு. தைராய்டு அதிகமாகச் சுரப்பது, இதயத்துடிப்புக் கோளாறு, ரத்தசோகை, ரத்தத்தில் சர்க்கரை சரிவது ஆகியவை முக்கியமானவை. தைராய்டு பரிசோதனை, ஈசிஜி, ரத்தப் பரிசோதனை ஆகியவற்றைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பூட்டமால், மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், மதுவை நிறுத்திய முதல் சில நாட்கள், இவையும் படபடப்பைக் கிளப்பும். எல்லா மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காஃபீனைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மூளையை அமைதிப்படுத்தும் அடினோசின் போய் ஒட்டும் ஏற்பிகளை அது அடைத்துவிடுகிறது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்பது பொது அளவு. பீதிக் கோளாறு உள்ளவர்களுக்கு ஒரே நேரத்தில் அந்த அளவு போனால் தாக்குதலே வரலாம். உடலில் அது பாதியாகச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் மாலைக் காபி தூக்கத்தையும் கெடுக்கும். திடீரென நிறுத்தினால் தலைவலி வரும். ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள்.

தொடக்க நிலையை எண்ணால் குறித்து வைப்பது நல்லது. ஜிஏடி-7 என்ற ஏழு கேள்வித் தாள் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. ஐந்தில் லேசானது, பத்தில் நடுத்தரம், பதினைந்தில் கடுமை தொடங்குகிறது. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பி வந்தால், 'ஒண்ணுமே மாறல' என்று மனம் சொல்லும் நாட்களில் தாள் உண்மையைச் சொல்லும்.

பயம் அழிவதில்லை

சிகிச்சையின் உயிர்நாடி இந்தப் பகுதி. மணியடித்ததும் எச்சில் ஊறப் பழகிய நாய்க்கு, உணவு தராமல் மணியை மட்டும் திரும்பத் திரும்ப அடித்தால் எச்சில் ஊறுவது நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அடித்தால் திரும்பவும் ஊறும். பாவ்லோவ் அன்றே இதைக் கவனித்தார். பழைய பாடம் அழியவில்லை. அதன் மேல் புதுப் பாடம் எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான். 2002இல் மிலாத், குவெர்க் என்ற ஆய்வாளர்கள் எலிகளில் கண்டது இன்னும் துல்லியமானது. பயம் அடங்கிய பாடத்தை மறுநாள் நினைவுகூரும்போது முன்மூளையின் அந்த பிரேக் பகுதி நரம்பணுக்கள் சுறுசுறுப்பாகின்றன. அவை எவ்வளவு சுறுசுறுப்போ அவ்வளவு குறைவாக எலி உறைந்து நிற்கிறது.

இந்தப் புதுப் பாடத்துக்கு ஒரு பலவீனம் உண்டு: அது கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். பயம் எங்கும் பரவும், பாதுகாப்பு ஓரிடத்தில் தங்கும். ஒரே லிஃப்டில் ஐம்பது முறை பழகியவர் வேறு கட்டடத்தில் பதறிப்போவது இதனால்தான். அவர் தோற்றுவிட்டார் என்று பொருள் இல்லை. ஹிப்போகேம்பஸ் 'இது அந்த இடம் இல்லையே' என்கிறது.

எதிர்கொள்ளும் பயிற்சி, படிப்படியாக

லிஃப்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு நோட்டில் பயப்படும் சூழல்களை 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு எழுதுங்கள். லிஃப்ட் வாசலில் ஐந்து நிமிடம் நிற்பது 30, கதவு திறந்திருக்க உள்ளே நிற்பது 40, துணையோடு ஒரு மாடி 55, தனியாக ஒரு மாடி 65, தனியாகப் பத்து மாடி 80, கூட்டத்தோடு பத்து மாடி 95. தொடங்குவது 40 அளவில். 20இல் தொடங்கினால் மூளை எதையும் கற்பதில்லை. 95இல் தொடங்கினால் ஓடிவிடுவீர்கள்.

ஒவ்வொரு முறையும் போகும் முன் ஒரு வரி எழுத வேண்டும்: 'என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்?' அதைச் சரிபார்க்கும்படியாக எழுதுவது முக்கியம். 'ரொம்பப் பயமா இருக்கும்' என்பது உதவாது, அது நடக்கத்தான் செய்யும். 'மூச்சு நின்று மயங்கி விழுவேன், 70 சதவீதம்' என்பது சரியான வரி. வந்த பிறகு நடந்ததை எழுதுங்கள்: 'விழவில்லை. உச்சம் 85. நான்காவது நிமிடத்தில் 60.' எதிர்பார்த்ததும் நடந்ததும் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ, அவ்வளவு நன்றாகப் புதுப் பாடம் பதிகிறது. மிஷெல் கிராஸ்க் முதலிய உளவியலாளர்கள் வலியுறுத்துவது இதைத்தான். பயம் பாதியாகும் வரை அங்கேயே நிற்க வேண்டும் என்ற பழைய விதி கட்டாயமில்லை. எதிர்பார்த்த ஆபத்து வரவில்லை என்று பார்க்கும் வரை நின்றால் போதும். உச்சத்தில் மட்டும் ஓடி வராதீர்கள்.

வாரத்தில் குறைந்தது ஐந்து நாள், முடிந்தால் ஒரு நாளில் பல முறை செய்யுங்கள். ஒரு படி ஓரளவு பழகியதும் கட்டடத்தை மாற்றுங்கள், நேரத்தை மாற்றுங்கள், துணையை விடுங்கள், காபி குடித்த பிறகும் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

இதெல்லாம் செய்தும் பலன் வராதவர்களிடம் பெரும்பாலும் ஒரு தாயத்து ஒளிந்திருக்கும். சட்டைப்பையில் ஒரு மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில், காதில் பாட்டு, சுவரைப் பிடித்தபடி நிற்பது, கண்ணை மூடி நூறு எண்ணுவது, வீட்டுக்கு போன் போட்டபடியே ஏறுவது. விபரீதம் நடக்காததற்கான புகழை மூளை அந்தத் தாயத்துக்குக் கொடுத்துவிடும். புதுப் பாடம் பதியாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கிப்போட முடியாதுதான். வாரத்துக்கு ஒன்றாகக் கழற்றுங்கள். மெதுவாக மூச்சு விடும் பயிற்சியும் இப்படித் தாயத்தாக மாறலாம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று நிதானமாக விடுவது உடலைத் தணிக்கும், தினமும் பத்து நிமிடம் செய்வது நல்லது. ஆனால் லிஃப்டுக்குள் 'மூச்சைச் சரியா விடலைன்னா செத்துடுவேன்' என்று செய்தால் அதுவும் ஓட்டம்தான். காகிதப் பைக்குள் மூச்சு விடுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்ய வேண்டாம். உண்மையில் இதயமோ நுரையீரலோ சிக்கலில் இருந்தால் அது ஆபத்து.

பீதிக்கு: உடல் உணர்ச்சியைப் பழகுதல்

இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. மற்றவர்கள் ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள்: ஒரு நிமிடம் வேகமாக ஆழ்ந்து மூச்சு வாங்குவது, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக இரண்டு நிமிடம் மூச்சு விடுவது, சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றுவது, நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடுவது, அரை நிமிடம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது. உங்கள் பீதியை அப்படியே நினைவூட்டும் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்து, ஒரு அமர்வில் மூன்று முதல் ஐந்து முறை செய்யுங்கள். முடிந்ததும் உட்கார்ந்து ஆசுவாசப்படுத்திக்கொள்ள அவசரப்படாதீர்கள். கிறுகிறுப்பு தானாக வடிவதைப் பார்க்க வேண்டும். பயம் குறைந்ததும் இதையே வெளியில், தனியாக இருக்கும்போது செய்யுங்கள்.

மற்ற வகைகளில் மாற வேண்டியவை

பொதுவான கவலைக் கோளாறில் ஓடி ஒளிய லிஃப்ட் இல்லை, கவலைப்படுவதே ஓட்டம். தினமும் ஒரே நேரத்தில், ஒரே நாற்காலியில், அரை மணி நேரம் கவலைக்கென்று ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் வரும் கவலையை ஒரு வரி குறித்துவிட்டு அந்த அரை மணிக்குத் தள்ளிப்போடுங்கள். கூடவே, 'எல்லாம் சரிதானே?' என்று திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி வாங்குவதைக் குறைக்க வேண்டும். சமூகப் பயத்தில் கவனத்தை உங்கள் நடுக்கத்திலிருந்து எதிரில் இருப்பவரின் முகத்துக்குத் திருப்புவதுதான் பாதி வேலை.

விதிவிலக்கு என்று சொன்னது ரத்தம், ஊசி, காயம் பற்றிய பயத்தை. இதில் ரத்த அழுத்தம் முதலில் ஏறி, பிறகு சட்டென்று சரியும். ஆள் நிஜமாகவே மயங்குவார். தளர்த்தும் பயிற்சி இங்கே கெடுதல் செய்யும். உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் உருவாக்கிய முறை நேரெதிர்: கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடி, முகம் சூடாகும் வரை இறுக்கி, இருபது முப்பது நொடி விட்டு, ஐந்து முறை செய்வது. ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக விட்டுவிடுங்கள்.

மருந்துகள்

முதல் தேர்வு பெரும்பாலும், செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளை நரம்பணுக்கள் மீள உறிஞ்சாமல் தடுக்கும் மருந்துகள்தான்: செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம் போன்றவை. தடுக்கும் வேலை சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது, பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகிறது. செரட்டோனின் கூடியதும் அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் தாங்களே பிரேக் போடுகின்றன, அந்த பிரேக் தளர வாரங்கள் பிடிக்கின்றன என்பது ஒரு முக்கிய விளக்கம். முதல் வாரத்தில் பதற்றம் கொஞ்சம் கூடலாம். பலர் 'ஒத்துக்கலை' என்று அப்போதே நிறுத்திவிடுகிறார்கள். இதற்காகத்தான் குறைந்த அளவில் தொடங்குவார்கள். செர்ட்ராலின் 25 மில்லிகிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் 50க்கும், எஸ்சிட்டாலோபிராம் 5இல் தொடங்கி 10க்கும் போவது வழக்கம். அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். குணம் தெரிந்த பிறகும் ஆறு முதல் பன்னிரண்டு மாதம் தொடர்வார்கள். நிறுத்துவது படிப்படியாகத்தான், இதே போன்ற மருந்துகளான பராக்செட்டினையும் வென்லாஃபாக்சினையும் சட்டென்று விட்டால் தலைசுற்றலும் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரும். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். அப்படித் தோன்றினால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

அல்பிரசோலாம், குளோனசெபாம், டயசெபாம் ஆகியவை வேறு வகை. காபா என்ற அடக்கும் வேதிப்பொருளின் ஏற்பியோடு ஒட்டி, நரம்பணுவை அமைதிப்படுத்தும் குளோரைடு நுழையும் வாயிலை அடிக்கடி திறக்க வைக்கின்றன. அரை மணி நேரத்திலேயே இதம் தெரியலாம். அந்த வேகமே சிக்கல். சில வாரத் தொடர் உபயோகத்திலேயே உடல் பழகிவிடும். லிஃப்டில் ஏறும் முன் போட்டுக்கொண்டால் 'மாத்திரைதான் காப்பாற்றியது' என்று மூளை எழுதிக்கொள்ளும், எதிர்கொள்ளும் பயிற்சியின் பலன் குறையும். மதுவோடும் ஓபியாய்டு வலிமருந்துகளோடும் சேர்ந்தால் மூச்சே நிற்கலாம். நெடுநாள் சாப்பிட்டவர்கள் தாங்களாகத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு. மருத்துவர் மேற்பார்வையில் இரண்டு வாரத்துக்குப் பத்து சதவீதம் என்ற அளவில் மெல்லக் குறைப்பதே பாதுகாப்பு.

ப்ரோப்ரானோலால் மேடை நடுக்கத்துக்கு உதவும், ஏனென்றால் அது இதயத்தில் அட்ரினலினின் வேலையைத் தடுக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. பியூஸ்பிரோன் என்ற பதற்ற மருந்து தொடர்ந்து சாப்பிட வேண்டியது, தேவைப்படும்போது மட்டும் போட்டால் பயனில்லை.

பயம் திரும்பி வந்தால்

மாதக்கணக்கில் நன்றாக இருந்துவிட்டு ஒரு நாள் லிஃப்டில் மறுபடி நெஞ்சு படபடக்கலாம். தூக்கம் கெட்ட வாரம், காய்ச்சல், வீட்டில் ஒரு துக்கம், நீண்ட இடைவெளி, இதில் ஏதோ ஒன்று பெரும்பாலும் பின்னால் இருக்கும். பழைய பாடம் தலைகாட்டுகிறது, புதுப் பாடம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அன்றைக்கோ மறுநாளோ அதே லிஃப்டுக்குத் திரும்பிப் போங்கள். நோட்டை எடுத்து மறுபடி அந்த ஒரு வரியை எழுதுங்கள். இரண்டாம் முறை கற்பது முதல் முறையைவிடப் பெரும்பாலும் வேகமாகவே நடக்கும். ஒரு வாரம் தினமும் பயிற்சி செய்தும் நோட்டில் உள்ள பய மதிப்பெண் இறங்காவிட்டால், அல்லது ஜிஏடி-7 மறுபடி பத்தைத் தொட்டால், பழைய சீட்டில் உள்ள மருந்தை நீங்களே தொடங்காமல் அந்த நோட்டோடு மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.